இரண்டு பக்கமும் ஒரே கையெழுத்து

"அறக்கட்டளையும் நாங்கதான், கம்பெனியும் நாங்கதான். இதுல யாருக்கு யார் கணக்குக் காட்டணும் சார்?"

தணிக்கைக்குப் போன இடத்தில் ஒருவர் கேட்டார். நல்ல மனிதர். மானியப் பணத்தில் அறக்கட்டளை வாங்கிய இயந்திரம் அவருடைய கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்தது. வாடகையும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. யாரும் எதையும் திருடவில்லை. ஆனால் ஏட்டைப் புரட்டினால், பொதுக்காரியத்துக்கு வந்த பணத்தில் தனியார் லாபம் பார்ப்பதாகத்தான் தெரியும்.

இரண்டு அமைப்பு வைத்துக்கொள்வதில் தவறில்லை. லாபத்தைப் பங்கு பிரிக்கும் இடத்துக்கு நன்கொடை வருவது கடினம். முதலீட்டாளருக்குக் கொடுக்க அறக்கட்டளையிடம் பங்கு கிடையாது. ஃபயர்ஃபாக்ஸ் இணைய உலாவியைத் தரும் மொசில்லாவையே பாருங்கள். 2003-ல் அறக்கட்டளை, 2005-ல் அதற்கு முழுச் சொந்தமாக, வரி கட்டும் ஒரு கம்பெனி. ஃபயர்ஃபாக்ஸில் தேடுபொறி ஒப்பந்தங்களால் வரும் வருமானம் கம்பெனிக்குப் போகிறது. வணிகப் பெயரோ அறக்கட்டளையிடம். அதைப் பயன்படுத்தக் கம்பெனி ராயல்டி கட்டுகிறது. (எல்லா நாட்டிலும் இப்படிச் செய்துவிட முடியாது. அறக்கட்டளைப் பணத்தைக் கம்பெனிப் பங்கில் போடச் சில நாட்டு வரிச் சட்டம் விடாது. பதிவுக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.)

இந்தப் பெயர் விஷயத்தைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பத்து வருடம் தொண்டு செய்து சேர்த்த நல்ல பெயரை, யோசிக்காமல் கம்பெனி பெயரில் பதிந்துவிடுவார்கள். நாளைக்குக் கம்பெனி கைமாறினால் பெயரும் கூடவே போய்விடும். அப்புறம் அறக்கட்டளை தன் பெயரைத் தானே போட்டுக்கொள்ள இன்னொருவரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

ஊழியர் விஷயமும் சிக்கல்தான். காலையில் தொண்டு, மதியம் விற்பனை, சம்பளம் மட்டும் மானியத்திலிருந்து. நேரப் பதிவேடு இல்லையென்றால் நான் என்ன எழுத முடியும்?

சரி, அந்த இயந்திரம் என்னவாயிற்று? மானியம் கொடுத்தவருக்குத் தெரிவித்து, சந்தை வாடகைக்கு ஒப்பந்தம் போடச் சொன்னேன். அவர் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். கூடாது என்று சொல்லி, கம்பெனியோடு சம்பந்தமில்லாத இருவரை அறங்காவலராகச் சேர்க்க வைத்தோம். வாடகையை முடிவு செய்யும் கூட்டத்தில் அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். உள்ளே அந்த இருவரும் கேட்ட முதல் கேள்வி, வாடகை ஏன் இவ்வளவு குறைவு என்பதுதான்.