உருவெளிச் சாட்சியம்: சேலம் வழக்குகளில் இருந்து ஒரு சொல்

1692இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றி எழுத உட்காருகிற எவருக்கும் 'ஸ்பெக்ட்ரல் எவிடன்ஸ்' என்ற சொல் குறுக்கே வந்து நிற்கும். வழக்குகள் நடந்தது சேலத்தில். நம் மாங்கனிச் சேலம் இல்லை. தமிழ் பைபிளில் மெல்கிசேதேக்கு ராஜா ஆளும் சாலேமின் பெயரை வைத்துக்கொண்ட அமெரிக்கத் துறைமுக ஊர்.

பொருளை முதலில் பார்த்துவிடலாம். நீதிபதிகள் முன்னால் ஒரு சிறுமி அலறுகிறாள்: "அவள் என்னைக் கிள்ளுகிறாள், கழுத்தை நெரிக்கிறாள்." குற்றம் சாட்டப்பட்டவளோ எதிரே, கைகளை ஆட்கள் பிடித்துக்கொண்டிருக்க, அசையாமல் நிற்கிறாள். கிள்ளுவது அவளுடைய உரு என்பது சிறுமியின் வாதம். அந்த உரு சிறுமிக்கு மட்டும்தான் தெரியும். நீதிபதிக்கும் தெரியாது, கூட்டத்துக்கும் தெரியாது. அப்படிப் பார்த்ததாகச் சொல்வதை வழக்கில் சான்றாக ஏற்றுக்கொண்டால் அதுதான் ஸ்பெக்ட்ரல் எவிடன்ஸ்.

வேர் லத்தீன். பார்த்தல் என்ற வினையிலிருந்து வந்த 'ஸ்பெக்ட்ரம்' என்றால் தோற்றம், கண்ணுக்குத் தெரியும் உரு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'ஸ்பெக்டர்' ஆனது. சேலம் வழக்குகளுக்கு இருபது ஆண்டு முன்பு, 1672இல், முப்பட்டகத்தின் வழியே சுவரில் விழுந்த வண்ணப்பட்டைக்கு நியூட்டன் அதே லத்தீன் சொல்லை எடுத்துக்கொண்டார். நாம் அதை நிறமாலை என்கிறோம். ஆகவே அறிவியல் அகராதியைப் புரட்டி 'நிறமாலைச் சான்று' என்று யாராவது எழுதிவிட்டால் கதை கெட்டது.

இப்படி ஒரு சாட்சியம் எப்படிச் செல்லுபடியானது? அதற்கு அந்தக் குடியேற்றத்தை நடத்திய பியூரிட்டன்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையில் கத்தோலிக்க எச்சங்கள் மிச்சமிருக்கின்றன, அவற்றைத் துடைத்துச் சுத்தப்படுத்த வேண்டும் என்றவர்கள் இவர்கள். எதிராளிகள் கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. தூய்மைவாதிகள் என்பது தமிழில் பொருந்தும். பைபிளில் ஆதாரம் இல்லை என்று கிறிஸ்துமஸையே 1659இல் மாசசூசெட்ஸில் தடை செய்தார்கள், கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். சபையில் முழு உறுப்பினராக வேண்டும் என்றால் தன் உள்ளத்தில் தேவ கிருபை எப்படி வந்தது என்று சாட்சி சொல்லி, உடன்படிக்கையில் சேர வேண்டும். இந்த உடன்படிக்கைதான் முக்கியம். கடவுளோடு மனிதர் உடன்படிக்கை செய்வது போல, சாத்தானோடும் செய்யலாம் என்று நம்பினார்கள். சாத்தான் ஒரு புத்தகத்தை நீட்டுவான். அதில் கையெழுத்துப் போட்டவர் சூனியக்காரர். அவருடைய உருவை எடுத்துக்கொண்டுபோய்ப் பிறரை வதைக்கச் சாத்தானுக்கு அனுமதி கிடைத்துவிடும்.

நம் ஊர்ப் பில்லி சூனியத்திலிருந்து இது வேறு. இங்கே காசு வாங்கிக்கொண்டு யாருக்காகவோ வைப்பவர் மந்திரவாதி. அங்கே குற்றமே அந்த ஒப்பந்தம்தான். இருந்தாலும் சூனியக்காரி என்ற சொல்லை விட முடியாது. அவர்கள் தூக்கிப்பிடித்த யாத்திராகமம் 22:18 தமிழ் பைபிளில் "சூனியக்காரியை உயிரோடே வைக்கவேண்டாம்" என்றுதான் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: சேலத்தில் தூக்கிலிடப்பட்ட 19 பேரில் ஐந்து பேர் ஆண்கள். பொதுவாகச் சொல்லும்போது சூனியக்காரர் என்பதே சரி. அப்புறம், அங்கே யாரையும் எரிக்கவில்லை. ஆங்கிலச் சட்டப்படி தண்டனை தூக்கு. வாய் திறந்து வழக்கை ஏற்க மறுத்த கைல்ஸ் கோரி என்ற முதியவர் மட்டும் மார்பில் கல் ஏற்றி நசுக்கப்பட்டுச் செத்தார்.

1692 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. சேலம் கிராமத்து ஆராதனைக் கூடத்தில் முன்னாள் போதகர் டியோடட் லாசன் வந்து பிரசங்கம் செய்கிறார். பியூரிட்டன் பிரசங்கம் மணிக்கணக்கில் போகும். நடுவே பேசினால் தப்பு. அன்று நடுவிலேயே ஒரு குரல்: பிரசங்க பீடத்து ஆணியில் மாட்டியிருக்கிற போதகரின் தொப்பிமேல் மஞ்சள் பறவை உட்கார்ந்திருக்கிறதாம். சொன்னவள் சிறுமி ஆன் பட்னம். அந்தப் பறவை வேறு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆனாலும் லாசன் அதை மறக்காமல் எழுதிவைத்தார், சில வாரங்களில் அது அச்சிலும் வந்தது.

சட்டத்தின் முன் நின்ற கேள்வி ஒன்றுதான். குற்றமற்ற ஒருவரின் உருவை அவர் சம்மதம் இல்லாமல் சாத்தான் எடுத்துக்கொள்ள முடியுமா? முடியாது, தேவன் விடமாட்டார் என்றால் சிறுமி பார்த்ததே போதும், தூக்குக்கயிற்றை எடுக்கலாம். முடியும் என்றால் மொத்த வழக்கும் மணலில் கட்டிய வீடு. தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டோட்டன் முதல் கட்சி. இரண்டாவது கட்சியை நறுக்கென்று சொன்னவர் ஒரு இறையியலாளர் கூட இல்லை, குற்றவாளிக் கூண்டில் நின்ற சூசன்னா மார்ட்டின், எழுபது வயது விதவை. மே 2 அன்று விசாரணையில் அவர் சிரித்தார். எதற்குச் சிரிப்பு என்றார்கள். இந்த முட்டாள்தனத்தைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்ய என்கிற மாதிரி பதில் வந்தது. உங்கள் உரு எப்படித் தோன்றியது என்றதற்கு, சாமுவேலின் உருவில் வந்தவன் எவர் உருவிலும் வரலாமே என்றார். சவுல் ராஜா எந்தோரில் அஞ்சனம் பார்க்கிற ஸ்திரீயைக் கொண்டு செத்த சாமுவேலை எழுப்பச் சொன்ன கதை அது. வந்தது சாமுவேல் அல்ல, சாத்தான் என்பதே பியூரிட்டன்களின் சொந்த விளக்கம். ஒரு தீர்க்கதரிசியின் உருவையே எடுக்க முடிந்தவனுக்கு மற்றவர் உரு எம்மாத்திரம்? அவர்கள் வேதத்தை எடுத்து அவர்கள் வாதத்தையே அடித்துவிட்டார். ஜூலை 19 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அதே நாளில் தூக்கில் தொங்கிய இன்னொருவர் ரெபேக்கா நர்ஸ், ஊரே மதித்த சபை உறுப்பினர். ஜூரிகள் முதலில் குற்றமற்றவர் என்றுதான் சொன்னார்கள். உடனே சிறுமிகள் கூச்சல். ஸ்டோட்டன், இந்த அம்மாள் சொன்ன ஒரு வாக்கியத்தைக் கவனித்தீர்களா என்று ஜூரிகளைக் கேட்டார். அதன் பொருளை அவரிடமே கேட்டபோது, காது மந்தமான அவருக்குக் கேள்வி விழவில்லை, பதில் இல்லை. தீர்ப்பு மாறியது.

உருவைப் பார்த்த கதை ஒன்றே எல்லா வழக்கையும் தாங்கவில்லை. அண்டை வீட்டாரின் பழைய பகை, சுவர் இடுக்கில் கிடைத்த துணிப் பொம்மைகள், குற்றம் சாட்டப்பட்டவர் தொட்டதும் வலிப்பு நிற்கிறதா என்ற சோதனை, எல்லாம் சேர்ந்தன. மனந்திரும்புதலுக்குப் பியூரிட்டன்களிடம் பெரிய மதிப்பு. அதனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அதிலேயே நின்ற யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஒப்புக்கொண்டு பின் மறுத்த சாமுவேல் வார்ட்வெல் தூக்கிலிடப்பட்டார். பொய் சொல்ல மாட்டேன் என்ற பக்திமான்களே செத்தார்கள் என்பது இதில் எனக்கு மிகவும் கசக்கிற இடம்.

போதகர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்தது. ஜூன் 15 அன்று அவர்கள் கொடுத்த அறிக்கையை காட்டன் மேதர் எழுதினார்: சாத்தான் நல்லவர் உருவிலும் வரலாம், வெறும் உருவை நம்பித் தண்டிக்காதீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசிப் பத்தியில் வழக்குகளை விரைவாக, முனைப்பாக நடத்துங்கள் என்றும் சேர்த்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அக்டோபரில் அவருடைய தந்தை இன்கிரீஸ் மேதர்தான் தெளிவாகப் பேசினார்: ஒரு நிரபராதி தண்டிக்கப்படுவதைவிடச் சந்தேகத்துக்குரிய பத்துப் பேர் தப்பிப்பதே மேல். அந்த மாதக் கடைசியில் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ், இந்த வழக்குகளுக்கென்றே அமைத்திருந்த தனி நீதிமன்றத்தைக் கலைத்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஆவிச் சாட்சியம் என்று போடத் தோன்றும். ஆனால் நமக்கு ஆவி, பேய் இரண்டும் பெரும்பாலும் செத்தவர் சமாச்சாரம். இங்கே தோன்றுவது உயிரோடு நிற்பவரின் உரு. போதாததற்கு, கிறிஸ்தவத் தமிழில் ஆவி என்றால் பரிசுத்த ஆவி நினைவுக்கு வரும். மாயச் சாட்சியம் என்றால் பொய்ச் சாட்சி போலக் கேட்கிறது.

பழைய சொல் ஒன்று இருக்கிறது: உருவெளி. எதிரே வெறும் வெளியில் தோன்றும் உரு. கம்பனில் மாரீசன் வதைப் படலத்தில், சூர்ப்பணகை வருணித்ததை மட்டும் கேட்டு, பார்த்தே இராத சீதையை இராவணன் எதிரில் காண்கிறான். நீ சொன்னவள் இவள்தானா என்று தங்கையை அழைத்துக் கேட்கிறான். அவள் பார்த்துவிட்டு, இவன் அந்த வல்வில் இராமன் என்கிறாள். பார்த்த இடம் ஒன்று, தெரிந்த உரு இரண்டு. இதைத்தான் உருவெளித் தோற்றம் என்பார்கள். அப்படி ஒரு குறுக்குச் சோதனையைச் சேலத்தில் ஒரு நீதிபதி செய்திருக்கலாம்: சிறுமிகளைத் தனித்தனி அறையில் வைத்து, பறவை எங்கே, என்ன நிறம் என்று கேட்டிருந்தால் போதும்.

ஒரு ஆட்சேபம் எழும். உருவெளி என்றாலே பார்ப்பவர் மனம் உண்டாக்கியது என்ற தொனி வந்துவிடுகிறது. ஸ்டோட்டன் அப்படி நம்பவில்லையே? உண்மைதான். அந்தச் சாய்வோடுதான் இந்தச் சொல்லை எடுக்கிறேன். இரண்டாம் பாதியில் சான்று வேண்டாம், சாட்சியம் வேண்டும். சான்று என்றால் துணிப் பொம்மையும் அடங்கும். இது ஆள் வந்து வாயால் சொன்னது. ஆக, உருவெளிச் சாட்சியம். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 1693 ஜனவரியில் கூடிய புதிய உயர் நீதிமன்றம் உருவெளிச் சாட்சியத்தை ஏற்கவில்லை, மூவரைத் தவிர மற்றவர்கள் தப்பினார்கள், அந்த மூவரின் தூக்கையும் ஃபிப்ஸ் நிறுத்திவைத்தார், ஸ்டோட்டன் கோபத்தில் இருக்கையை விட்டு எழுந்துபோனார்.