அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

ஜூலை மாதம் வந்தால் என் அலுவலக வாசலில் செருப்பு விட இடமிருக்காது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வருபவர்களில் பெரும்பாலோர் பழைய மகாபலிபுரம் சாலையின் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள். சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் நிறுவனம் தரும் சான்றான படிவம் 16-ஐ நீட்டிவிட்டு, "பெரிய கம்பெனி சார், எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்பார்கள். அதில் பாதி உண்மை.

மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். பிடித்த வருங்கால வைப்பு நிதியும் கணக்கில் ஏறிவிடும். இதில் என்ன அதிசயம் என்று கேட்காதீர்கள். சம்பளத்தில் பிடித்த தொகையை முதலாளி மாதக்கணக்கில் கட்டாமல் விட்டதை பாஸ்புத்தகத்தில் பார்த்து வெலவெலத்துப்போன சிறுநிறுவன ஊழியர்களும் இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக் கடன் கேட்டுப் போனாலும் பெரிய நிறுவனத்தின் பெயருக்கு வங்கியில் தனி மரியாதைதான்.

ஆனால் பணி நியமனக் கடிதத்தில் இருக்கும் ஆண்டுத் தொகையை பன்னிரண்டால் வகுத்துப் பார்த்து மகிழாதீர்கள். நிறுவனம் கட்டும் வைப்பு நிதிப் பங்கும் பெரும்பாலும் அதற்குள்தான் அடக்கம். பல கடிதங்களில் அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் பணிக்கொடை (வேலையை விட்டு விலகும்போது தரும் கிராஜுவிட்டி) என்றும் எழுதியிருப்பார்கள். நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்தாண்டு பணி முடிந்தால்தான் அது கைக்கு வரும். அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய் என்றால் ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ 86,500 ரூபாய். நான்கரை ஆண்டில் அவசரப்பட்டு விலகி, பிறகு என்னிடம் வந்து கணக்குக் கேட்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

அமெரிக்கத் தாய் நிறுவனம் தரும் பங்குகள் தனிக் கதை. அவை உங்கள் பெயருக்கு வரும் நாளிலேயே, அன்றைய விலைக்குச் சம்பளமாகக் கருதி வரி உண்டு. பிறகு விலை சரிந்தாலும் கட்டிய வரி திரும்பாது. வெளிநாட்டுச் சொத்து அட்டவணையிலும் அவற்றைக் காட்ட வேண்டும். விட்டுவிட்டால் கருப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமிருக்கிறது.

எனக்கு அதிகம் கவலை தருவது மருத்துவக் காப்பீடு. தனியாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரும். பல பெரிய நிறுவனங்களின் குழுக் காப்பீட்டிலோ சர்க்கரை நோயுள்ள அப்பாவுக்கும் முதல் நாளே பாதுகாப்பு. இதைவிடப் பெரிய சலுகை எனக்குத் தெரிந்து வேறில்லை. அதனாலேயே யாரும் சொந்தமாக பாலிசி எடுப்பதில்லை. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் பாதுகாப்பும் அதோடு போய்விடும்.

2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் மைக்ரோசாப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தபோது இங்கே பலர் அதை அயல்நாட்டுச் செய்தியாகத்தான் படித்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் இருந்த என் வாடிக்கையாளர் ஒருவரை ஒரு செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். அடுத்த மாதம் அவருடைய அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. குழு பாலிசியிலிருந்து அதே காப்பீட்டாளரின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். ஏற்பது காப்பீட்டு நிறுவனத்தின் முடிவு என்றாலும், விலகும் முன்பே கேட்டுவிட வேண்டும். அவர் என்னிடம் வந்தபோது விலகி ஆறு வாரம் ஆகியிருந்தது.

அறுவை சிகிச்சை தள்ளிப்போயிற்று. அடுத்த நேர்காணலில், சம்பளத்தைப் பற்றிப் பேசும் முன்பே, பெற்றோருக்குக் காப்பீடு எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டாராம்.