திருத்துவது விபரத்திரட்டையா, வருமானத்தையா?

வரி பற்றிய ஆங்கிலக் குறிப்பைக் கைத்தொலைபேசி தமிழாக்கித் தருகிறது. அதை ஒருமுறைகூட வாசித்துப் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிற பழக்கம் கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் நன்றாகவே வேரூன்றிவிட்டது. அவற்றில் திரும்பத் திரும்ப வந்து கண்ணைக் குத்தும் தொடர், ‘திருத்தப்பட்ட வருமானம்’. முதலீட்டில் வந்த நட்டத்தைப் போன வருடம் காட்ட மறந்தவர் ‘திருத்தப்பட்ட வருமானம்’ சமர்ப்பிக்க வேண்டுமாம். வருமானத்தை எப்படிச் சமர்ப்பிப்பது? சம்பளக் காசைக் கொண்டுபோய் மேசையில் வைப்பதா?

சொல்ல வந்தது திருத்திய விபரத்திரட்டு, அதாவது வரித் திணைக்களத்துக்குக் கொடுத்த வருமான அறிக்கையைத் திருத்திக் கொடுப்பது; ஆங்கிலத்தில் ‘அமெண்டெட் ரிட்டர்ன்’. அரச கட்டளையைப் பெற்ற ஷெரீப் என்ற அதிகாரி, தான் செய்ததை எழுதி அந்தக் கட்டளையோடு திருப்பி அனுப்புவது பழைய ஆங்கிலேய நீதிமன்ற வழக்கம். அப்படித் திரும்பிய அறிக்கைதான் ‘ரிட்டர்ன்’. முதலீட்டின் பலனுக்கும் அதே சொல் வழங்குவதால் இயந்திரம் தடுமாறி வருமானம் என்கிறது.

நம்முடைய உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வழங்கும் விபரத்திரட்டு என்ற சொல்லில் இந்தக் குழப்பம் இல்லை. திரள் என்பதிலிருந்து திரட்டு. சம்பளம், வட்டி, வாடகை, பங்கிலாபம் என்று வருடம் முழுக்கச் சிதறிக் கிடந்ததை ஓரிடத்தில் திரட்டிக் கொடுப்பது. விபரம் வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகஞ்சுளிக்கலாம். சுளிக்கட்டும். சொல் தெளிவாக இருக்கிறது, அது எனக்குப் போதும். தமிழகத்தில் ‘வருமான வரிக் கணக்கு’ என்பார்கள், அதுவும் சரிதான்.

‘எப்படியும் விளங்குகிறதுதானே, இதற்கு ஏன் சண்டை?’ என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விளங்குவதில்லை. நட்டக் கணக்கில் இந்தப் பிழை ஆளையே தப்பான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. ‘திருத்தப்பட்ட வருமானம்’ என்று வாசித்தவர், நட்டத்தைக் கழித்து வருமானத்தைக் குறைத்தால் வரியும் குறையும் என்று நினைப்பார். விபரத்திரட்டைத் திருத்தினாலும் வருமானம் ஒரு சதமும் அசையாமல் இருக்கலாம் என்பது அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

இலங்கையில் 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, முதலீட்டு நட்டத்தை முதலீட்டு வருமானத்தில் மட்டுமே கழிக்கலாம். சம்பளத்தில் கை வைக்க முடியாது. கழிபடாத மீதியை அடுத்த ஆறு ஆண்டுகள் வரை முன்கொண்டு செல்லலாம். அந்த வருடம் முதலீட்டு வருமானமே இல்லாதவர் திருத்தும்போது மாறுவது இந்த மீதி மட்டும்தான்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் இதே கதைதான். அங்கே திருத்துவதற்கான படிவம் 1040-எக்ஸ். பங்கு போன்றவற்றை விற்றதில் வந்த மூலதன நட்டம் அப்படி வந்த மூலதன ஆதாயத்தை மிஞ்சினால், மிஞ்சியதில் பொதுவாக 3,000 டொலர் வரைதான் அந்த வருடத்து மற்ற வருமானத்தில் கழியும். ஏற்கெனவே 3,000 டொலரையும் கழித்துவிட்டவர், மறந்துபோன இன்னொரு 5,000 டொலர் நட்டத்தை இப்போது சேர்த்தால் அந்த வருடத்து வருமானம் அப்படியே இருக்கும். அடுத்த வருடத்துக்குப் போகும் தொகைதான் 5,000 கூடும். இதைப் போய்த் ‘திருத்தப்பட்ட வருமானம்’ என்றால்? திருந்தாமல் இருப்பது அது ஒன்றுதானே!

இந்த மொழிபெயர்ப்புகளில் நட்டம் ‘முன்னெடுத்துச் செல்லப்படுகிறது’ என்றும் வருகிறது. முன்னெடுக்க அது என்ன உண்ணாவிரதமா? செய்தி வாசிப்பவர்கள் எல்லாவற்றையும் முன்னெடுத்து முன்னெடுத்து, கடைசியில் கணக்கும் அகப்பட்டுக்கொண்டது. உயர்தரத்தில் கணக்கியல் படித்த பிள்ளைகளைக் கேட்டாலே முன்கொண்டு செல்லல் என்று சொல்லிவிடுவார்கள். மேலதிகமாகக் கட்டிய வரி திரும்பி வந்தால் அது மீளளிப்பு. அதையும் வருமானம் என்று எழுதிய குறிப்பைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்தத் ‘திருத்தப்பட்ட’. யார் திருத்தியது? செயப்பாட்டு வினையில் ஆள் மறைந்துவிடுகிறார். விபரத்திரட்டைத் திருத்துபவர் வரி கட்டுகிறவர். திணைக்களம் தன் பக்கத்திலிருந்து கணக்கை மாற்றி அனுப்புவதும் உண்டு, அதன் பெயர் திருத்திய மதிப்பீடு. அது கையில் கிடைத்து, தொகையை ஏற்க முடியாதவர் 30 நாட்களுக்குள் நிர்வாக மீளாய்வு கேட்க வேண்டும். தொலைபேசித் தமிழை நம்பி இன்னொரு விபரத்திரட்டை நிரப்பிக்கொண்டிருந்தால் அந்த 30 நாளும் போய்விடும்.