ஐ7 என்று கேட்டு வாங்கினால் போதுமா?

போன மாதம் ஒருவர் லேப்டாப்போடு கடைக்கு வந்தார். மகன் இன்ஜினியரிங் முதல் வருடம், ஆட்டோகேட் திறந்தாலே திணறுகிறது. "ஐ7 தானே சார் வாங்கிக் கொடுத்தேன், அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்டார். பார்த்தால் உள்ளே இருந்த ப்ராசஸர், அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சிப், இன்டெல் ஐ7-7500யு. 2016-இல் வந்தது, வேலையைச் செய்யும் கோர் அதில் இரண்டே இரண்டு. அதே தலைமுறை டெஸ்க்டாப் ஐ5-7400-க்கே நான்கு கோர் உண்டு. போதாக்குறைக்கு, விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த பட்டியலிலும் அது இல்லை. செகண்ட் ஹேண்டில் விற்றவர் பொய் சொல்லவில்லை, ஐ7 என்றார், ஐ7-ஐத்தான் கொடுத்தார். மீதியை அவர் சொல்லவில்லை, இவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

கேம் ஆட பிசி கேட்டு வரும் பையனிடம் இது நடக்காது. இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி என்று முழுப் பெயரையும் சொல்லி, அதிலுள்ள 96 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) எதற்கு உதவும் என்று எனக்கே விளக்குவான். சர்வர் வாங்கும் கம்பெனிக்காரர்களும் அப்படித்தான், ஒரு கோருக்கு சாஃப்ட்வேர் லைசென்ஸ் எவ்வளவு, எத்தனை வாட் இழுக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் விலையே பேசுவார்கள்.

வீட்டுக்கும் சின்ன ஆபீஸுக்கும் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஸ்டிக்கரைத்தான் பார்க்கிறார்கள், பழைய சரக்கு ஓடுவதும் அங்கேதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1991-இல் தொடங்கிய 'இன்டெல் இன்சைட்' விளம்பரம் கண்ணில் படாத ஒரு சிப்பின் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது, ஆனால் பெயருக்குப் பின்னால் வரும் நம்பரை யாரும் சொல்லித் தரவில்லை. 2017-இல் ரைசன் வந்தபோது என்னிடம் முதலில் கேட்டு வந்தவர்கள் அசெம்பிள் செய்பவர்கள்தான், லேப்டாப் வாங்க வந்தவர்கள் வெகுநாள் "இன்டெல்தானே?" என்றே கேட்டார்கள். ஏஎம்டி பெயர்களும் சுலபமில்லை. ரைசன் 5 7520யு, 7-இல் ஆரம்பிப்பதால் புதுசு போலத் தெரியும், உள்ளே இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. மூன்றாவது இலக்கமான 2 அதைத்தான் குறிக்கிறது.

அதனால் முழு நம்பரைக் கேளுங்கள். ஐ3-12100 என்றால் 12-ஆம் தலைமுறை, 2013-இல் வந்த ஐ7-4770-ஐ அது சாதாரணமாகத் தாண்டிவிடும். லேப்டாப்பில் கடைசி எழுத்து யு என்றால் மின்சாரம் குறைவாக இழுக்கும் ரகம், எச் என்றால் கனமான வேலைக்கு. டெஸ்க்டாப் இன்டெலில் எஃப் இருந்தால் கிராபிக்ஸ் கார்டு தனியாக வாங்க வேண்டும், இல்லையென்றால் திரையில் ஒன்றும் வராது.

செகண்ட் ஹேண்ட் என்றால் காசு கொடுப்பதற்கு முன்பே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் சிபியு-வைத் தொட்டால் முழுப் பெயர் மேலே இருக்கும், கோர் எத்தனை என்று கீழே இருக்கும்.