நேர்கோடுகள் தரும் வளைவு: வட்டமா, பரவளையமா?

நேர்கோடுகளை மட்டும் வரைந்து வளைவை உருவாக்கும் பயிற்சி, பல வகுப்புகளில் வண்ணம் தீட்டிச் சுவரில் ஒட்டுவதோடு முடிந்துவிடுகிறது. கணக்கு தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

ஒன்றுக்கொன்று செங்குத்தாக 10 செ.மீ. நீளத்தில் இரண்டு அச்சுகள் வரையுங்கள். அவை சந்திக்கும் புள்ளி 0. அங்கிருந்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி. கிடை அச்சின் 1-ஐ நிலை அச்சின் 9-உடனும், 2-ஐ 8-உடனும் இணைத்துக்கொண்டே போக வேண்டும். கூட்டுத்தொகை எப்போதும் 10. ஒன்பது கோடுகள் போதும். ஒரே எண்களை இணைத்தால் இணைகோடுகள்தான் கிடைக்கும். அதைவிட ஏமாற்றுவது 1-ஐ 10-உடன் இணைப்பது. கூட்டுத்தொகை 11 ஆகிவிடும். படம் அழகாகவே வரும், ஆனால் கீழே வரும் அளவுகள் எதுவும் பொருந்தாது. பென்சில் முனை மழுங்கியிருந்தாலும் வெட்டுப்புள்ளிகள் அப்பிப்போகும்.

"இது என்ன வளைவு?" என்று கேட்டால், பலர் வட்டத்தின் கால்பகுதி என்பார்கள். மறுக்க வேண்டாம், கவராயத்தைக் கொடுங்கள். (10, 10) மையம், ஆரம் 10 செ.மீ. அந்த வில்லும் இரு அச்சுகளையும் 10-இல் தொடும். ஆனால் மூலைவிட்டத்தின் வழியே 0-இலிருந்து அளந்தால், வில் 4.14 செ.மீ. தொலைவில் இருக்கும், நம் வளைவு 3.54 செ.மீ.-இலேயே வந்துவிடும். 6 மி.மீ. இடைவெளி கண்ணுக்கே தெரியும்.

இருபடிச் சமன்பாடு தெரிந்த வகுப்பானால் இங்கே அவசரப்படாதீர்கள். கிடை அச்சில் a, நிலை அச்சில் 10−a வழியாகச் செல்லும் கோட்டின் சமன்பாட்டை விரித்தால் a² + (y−x−10)a + 10x = 0. கட்டத்துக்குள் ஒரு புள்ளியை எடுத்து, அதன் வழியே இத்தகைய கோடுகள் எத்தனை செல்லும் என்று கேளுங்கள். வளைவுக்குக் கீழே இரண்டு, அதற்கு மேலே ஒன்றுமில்லை, வளைவிலேயே அமைந்த புள்ளி என்றால் சரியாக ஒன்று. தன்மைகாட்டி (b²−4ac) பூச்சியமாவது அங்கேதான்: (y−x−10)² = 40x. இது பரவளையம், எறிந்த பந்து செல்லும் பாதையின் வடிவம். ஒவ்வொரு கோடும் அதற்குத் தொடுகோடு, 3-7 கோடு (0.9, 4.9)-இல் தொடுகிறது, சரிபார்க்கலாம். அடுத்தடுத்த கோடுகளின் வெட்டுப்புள்ளிகளை வளைவின் புள்ளிகள் என்று குறிப்பது வழக்கமான பிழை: 3-7, 4-6 கோடுகள் வெட்டும் (1.2, 4.2) வளைவுக்குச் சற்றே கீழே இருக்கிறது.

அடுத்து வட்டத்துக்குப் போகலாம். 10 பாகைக்கு ஒன்றாக 36 புள்ளிகள், வரிசையாக 1 முதல் 36 வரை எண்ணிடுங்கள்; ஒவ்வோர் எண்ணையும் அதன் இருமடங்குடன் இணைத்தால் இதய வடிவ வளைவு வரும். 18-உடன் நிறுத்தினால் பாதிதான் கிடைக்கும். 19-இன் இருமடங்கு 38; அதில் 36 போக 2. ஆகவே 19-ஐ 2-உடன் இணைக்க வேண்டும்.