அந்த வீடியோவில் காணாத போன் கால்

மேடைத் தொகுப்பாளர்களுக்கும் யூடியூபில் பேட்டி எடுப்பவர்களுக்கும் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் வந்தார். அலுவலக விழாக்களில் மைக்கைப் பிடிப்பவர், நல்ல குரல், வாயைத் திறந்தால் கவுன்ட்டர். ஆனால் அன்றைக்கு முகம் தொங்கிப் போயிருந்தது.

அவருடைய அலுவலகத்தில் மூத்த மேலாளர் ஒருவருக்குப் பணி ஓய்வு விழா. இவர்தான் தொகுப்பாளர். "சாருக்கு வாரத்துல மூணு நாள் ஆபீஸ் பதினொரு மணிக்குத்தான் திறக்கும். இனிமே ஏழு நாளும் லீவு, எப்படி சார் வித்தியாசம் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். அரங்கமே சிரித்தது. மேலாளரும் சிரித்தார். முதல் வரிசையில் அவர் மனைவி சிரிக்கவில்லை. அந்த மூன்று நாட்களும் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய், உட்கார வைத்துவிட்டு அவர் அலுவலகம் வந்துகொண்டிருந்தார் என்பது மறுநாள்தான் இவருக்குத் தெரிந்தது.

"சார், நான் டான் ரிக்கிள்ஸ் வீடியோவா பார்த்துப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன். அவர் இதைவிட மோசமாப் பேசுறாரே, யாரும் கோவிச்சுக்கலையே?" என்று போனை நீட்டினார். எதிரே இருப்பவரை வாரியே பெயர் வாங்கிய அமெரிக்க நகைச்சுவையாளர் ரிக்கிள்ஸ்.

நியாயமான கேள்வி. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரவு நேரத்தில் வரும் லேட் நைட் பேட்டி நிகழ்ச்சிகளின் இரண்டு நிமிடத் துண்டுகள் இப்போது எல்லார் போனிலும் ஓடுகின்றன. தொகுப்பாளர் ஒரு மேசைக்குப் பின்னால், விருந்தாளி பக்கத்து நாற்காலியில். ஒருவரை ஒருவர் வாருகிறார்கள், கூட்டம் உருண்டு புரண்டு சிரிக்கிறது. பார்க்கிற நமக்கு, வாருவதுதான் வித்தை என்று தோன்றிவிடுகிறது.

அந்தத் துண்டில் வராத ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த நிகழ்ச்சிகளில் விருந்தாளி வருவதற்கு முன்பே, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான தயாரிப்பாளர் அவருக்குப் போன் செய்து நெடுநேரம் பேசுவார். சமீபத்தில் என்ன நடந்தது, சொல்ல என்ன கதை இருக்கிறது, எதைக் கேட்கலாம், எதைத் தொடக்கூடாது எல்லாம் அந்தப் பேச்சில் தீர்ந்துவிடும். அதிலிருந்து நாலைந்து குறிப்புகள் தொகுப்பாளர் மேசைக்கு அட்டையாகப் போகும். "ஏதோ படகுப் பயணம் போனீங்களாமே?" என்று அவர் தற்செயலாகக் கேட்பதுபோல் கேட்பது முன்கூட்டியே பேசி வைத்த கேள்வி. அந்தக் கதையில் எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்பதும் அவருக்குத் தோராயமாகத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் உட்கார்ந்திருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. "அப்போ எல்லாம் செட்டப்பா சார்?" என்கிறார்கள். கச்சேரியில் ராகத்தை முன்னாடியே முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தால் அது செட்டப்பா? ராகம் முடிவானது, ஸ்வரம் அன்றைக்கு வருவது. அப்படித்தான்.

சரி, ரிக்கிள்ஸுக்கு வருவோம். 1962 முதல் 1992 வரை முப்பது வருடம் 'தி டுநைட் ஷோ' என்ற லேட் நைட் நிகழ்ச்சியை நடத்தியவர் ஜானி கார்சன். அவரை அவர் மேடையிலேயே வைத்துக் கிழிப்பவர் ரிக்கிள்ஸ். 'மிஸ்டர் வார்ம்த்' என்று அவருக்குக் கிண்டலாகப் பட்டம் கட்டியதும் கார்சன்தான். பாசக்காரராம்! 1976இல் நடந்தது ஒன்று. கார்சன் விடுப்பில் இருந்த இரவில் விருந்தாளியாக வந்த ரிக்கிள்ஸ், கார்சனின் மேசைமேல் இருந்த மரச் சிகரெட் பெட்டியை உடைத்துவிட்டார். திரும்பி வந்த கார்சன் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே உடைந்த பெட்டியைப் பார்த்தார். அப்படியே எழுந்து, கேமராவையும் கூட்டிக்கொண்டு, அதே வளாகத்தில் ரிக்கிள்ஸ் தன் நகைச்சுவைத் தொடருக்காக நடித்துக்கொண்டிருந்த அரங்கத்துக்குள் நேராகப் புகுந்துவிட்டார். அங்கே படப்பிடிப்பு நின்றது. ஊரையே வாரும் மனிதர் அன்றைக்குத் திருதிருவென்று முழித்தார்.

இதை நான் வகுப்பில் போடும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். திட்டுவதில் ரிக்கிள்ஸ் கை ஓங்கியிருந்தது என்று நினைக்கிறோம். ஆனால் கார்சன் எப்போது வேண்டுமானாலும் திருப்பி அடிக்கலாம், அடித்தும் இருக்கிறார். இரண்டு பக்கமும் சமம். மேசை கார்சனுடையது, நிகழ்ச்சி கார்சனுடையது, அடுத்த முறை கூப்பிடுவதா வேண்டாமா என்பதும் அவர் கையில். நம் மேலாளர் கையில் அன்றைக்கு என்ன இருந்தது? ஒரு பூங்கொத்து. மைக் இவரிடம். ஓய்வு பெறும் நாளில், மனைவி முன்னால், இருநூறு பேர் நடுவில் சிரிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதுதான் தம்பி செய்த தப்பு.

ரிக்கிள்ஸைவிட, இளைஞர்கள் பார்க்க வேண்டியது கார்சனுக்குப் பக்கத்தில் நகைச்சுவையாளர் ராட்னி டேஞ்சர்ஃபீல்டு உட்கார்ந்திருக்கும் காட்சிகள் என்பேன். டேஞ்சர்ஃபீல்டு முதலில் நின்றுகொண்டு தன் நகைச்சுவையைச் சொல்வார். கழுத்து வியர்த்திருக்கும், சிவப்பு டையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார். எவனும் தன்னை மதிப்பதில்லை என்பதுதான் அவருடைய நிரந்தரப் புலம்பல். பிறகு வந்து நாற்காலியில் உட்காருவார். உட்கார்ந்த பிறகும் நிறுத்த மாட்டார். உடம்பு, டாக்டர், வீடு, மனைவி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். இதில் கார்சனின் வேலை என்ன? உடம்பு எப்படி இருக்கு, வீட்டில் எல்லாம் சௌக்கியமா என்கிற மாதிரி, பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிற கேள்விகள். அவ்வளவுதான். கேள்வியில் நகைச்சுவை துளிகூட இருக்காது. இருந்தால் டேஞ்சர்ஃபீல்டின் பதில் செத்துவிடும். கேட்டுவிட்டுச் சிரிப்பார், மேசையைத் தட்டுவார், சிரிப்பு அடங்கப் போகும் நேரம் பார்த்து அடுத்ததை எடுத்துக் கொடுப்பார். சிரிப்பு முழுவதும் அடங்கின பிறகு கேட்டால் ஆறிப்போகும். உச்சத்தில் கேட்டால் யாருக்கும் காதில் விழாது. அந்த நடு இடத்தைப் பிடிக்க அவருக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை.

'ஒத்து ஊதுகிறவன்' என்பதை நாம் வசவாகத்தான் பயன்படுத்துகிறோம். ஒத்துக்காரர் சுருதியைப் பிடித்துக்கொண்டு இல்லாவிட்டால் நாதஸ்வரக்காரர் எதன்மேல் நின்று வாசிப்பார்? கார்சன் நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரமாக இருந்துகொண்டே ஒத்து ஊதினார். என்னிடம் வருகிற தொகுப்பாளர்களுக்கு இது மட்டும் இறங்கவே இறங்காது. விருந்தாளி ஒன்று சொன்னால் இவர்கள் அதற்கு மேலே ஒன்று வைத்தே ஆக வேண்டும்.

விலகி வழிவிடுவதற்கு நான் போட்டுக் காட்டும் இன்னொரு காட்சி, 2009இல் கோனன் ஓ'பிரையன் 'தி டுநைட் ஷோ'வை நடத்தியபோது நகைச்சுவையாளர் நார்ம் மக்டொனால்டு சொன்ன விட்டில்பூச்சிக் கதை. வந்த வேலை முடிந்து, இன்னொரு பகுதியும் பேசச் சொல்கிறார்கள். கையில் சரக்கு இல்லை. சக நகைச்சுவையாளர் காலின் க்வின் சொன்ன ஒரு குட்டி ஜோக் மட்டும் இருக்கிறது, சொன்னால் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு விட்டில்பூச்சி கால் டாக்டரிடம் போகிறது. என்ன பிரச்சினை என்கிறார் டாக்டர். இங்கிருந்து மக்டொனால்டு ஒரு ரஷ்ய நாவலுக்குள் போய்விடுகிறார். பிடிக்காத முதலாளி, அர்த்தமில்லாத வேலை, பக்கத்தில் படுத்திருக்கும் ஒரு காலத்தில் காதலித்த மனைவி, குளிரில் பறிகொடுத்த மகள், பாசம் வற்றிப்போன மகன், வாயில் நுழையாத பெயர்கள். நிமிடங்கள் போகின்றன. சிரிக்க ஒன்றும் இல்லை, அல்லது எல்லாமே சிரிப்பு, அதுவும் தெரியவில்லை. கடைசியில் டாக்டர், "நீ மனநல மருத்துவரை அல்லவா பார்க்கணும், இங்கே ஏன் வந்தே?" என்கிறார். "இங்கே லைட்டு எரிஞ்சுது."

கதை அவ்வளவுதான். ஆனால் அந்த வீடியோவை இன்னொரு முறை பாருங்கள், கோனனை மட்டும். அவருக்கு ஒரு கவுன்ட்டர் போட எத்தனையோ இடம் இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. இருந்தும் அந்த மனிதரின் போக்கில் விட்டுவிடுகிறார். எங்கே போகிறதென்று புரியாமல் மாட்டிக்கொண்டவர் போன்ற அந்த முகம்தான் கதைக்குப் பாதி பலம், ஏனென்றால் பார்வையாளர்களும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள். நம் பேட்டிகளில் என்றால் இரண்டாவது வரியிலேயே "சார், கதை எங்கேயோ போகுதே!" என்று ஒரு குரல் கேட்டிருக்கும், கூடவே ஒரு தவளைச் சத்தமும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது பார்வையாளர்களுக்கு. சார்லஸ் குரோடின் என்ற நடிகர் கார்சனிடமும், இன்னொரு லேட் நைட் தொகுப்பாளரான டேவிட் லெட்டர்மேனிடமும் வரும்போதெல்லாம் சிடுசிடுவென்று இருப்பார். கேள்வியைக் குறை சொல்வார், உங்களுக்கு உண்மையிலேயே என்மேல் அக்கறை இருக்கிறதா என்று தொகுப்பாளரை மடக்குவார். எல்லாம் நடிப்பு. தொகுப்பாளருக்கும் அது தெரியும். ஆனால் அதை நிஜம் என்று நம்பிக் கோபத்தோடு எழுதிய நேயர்கள் இருந்தார்கள். முழு நிகழ்ச்சியைப் பார்த்தவர்களே அப்படி ஏமாந்தார்கள் என்றால், நாற்பது நொடித் துண்டை மட்டும் பார்த்துவிட்டு 'பங்கம் செய்தார்', 'மூக்குடைத்தார்' என்று பகிர்கிறவர்களை என்ன சொல்வது?

நிஜமாகவே முறிந்த உறவுகள் வேறு மாதிரி இருக்கின்றன. நகைச்சுவையாளர் ஜோன் ரிவர்ஸ் 1965இல் கார்சன் நிகழ்ச்சியில் தோன்றித்தான் பெயர் வாங்கினார். 1983இலிருந்து கார்சன் இல்லாத நாட்களில் அவர் நாற்காலியில் உட்காரும் நிரந்தர மாற்றுத் தொகுப்பாளர். 1986இல் போட்டித் தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி தொடங்கினார். அதன்பிறகு கார்சன் அவரோடு பேசவே இல்லை. சண்டையும் இல்லை, கவுன்ட்டரும் இல்லை. மௌனம் மட்டும், கடைசி வரை.

இதற்கு எதிர்க்கோடியில் 2015 மே மாதம் ஒரு இரவு. லெட்டர்மேன் ஓய்வு பெறப் போகிறார். மக்டொனால்டு கடைசியாக ஒருமுறை அவர் மேடையில் நின்று பேசுகிறார். தான் சின்னப் பையனாக இருந்தபோது லெட்டர்மேன் சொல்லிக் கேட்ட ஒரு ஜோக்கை அவருக்கே திருப்பிச் சொல்லிக் காட்டுகிறார். உணர்ச்சிவசப்படுவது லெட்டர்மேனுக்குப் பிடிக்காது என்று தெரியும்; உண்மையைச் சொன்னால் அது மிகை ஆகாது என்று சொல்லிவிட்டு, உங்களை நேசிக்கிறேன் என்று குரல் உடைந்து முடிக்கிறார். இத்தனை வருடம் ஒருவரை ஒருவர் வாரியதற்கெல்லாம் அடியில் என்ன கிடந்தது என்பது அந்தக் குரலில் இருக்கிறது.

அந்த இளைஞர் இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மேலாளர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாராம். அந்த அம்மா காபி கொடுத்தார்களாம். வேறெதுவும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம் அவருக்கு இன்னொரு விழா. இந்த முறை இரண்டு நாள் முன்பே சிறப்பு விருந்தினருக்குப் போன் செய்திருக்கிறார். நல்ல ஆகிருதியான மனிதர், ஜாலியான பேர்வழி. "என் தொப்பையை நானே ஓட்டிக்கிறேன் தம்பி. சாப்பாட்டுப் பேச்சு வரும்போது 'என்ன சார், டயட்டா'ன்னு மட்டும் கேட்டுட்டு நீங்க ஒதுங்கிக்குங்க" என்றாராம். இவரும் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அந்த மனிதர் அதிலிருந்து எட்டு நிமிடம் அரங்கத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

இரவே எனக்குப் போன். "செம ஹிட்டு சார். ஆனா நான் பேசினது மூணே வார்த்தை. காசு வாங்கவே கூச்சமா இருந்துச்சு."