மிஞ்சிய மருந்தை மூடி வைக்காதீர்கள்

பட்டாசு ஆலைத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் எந்த ஆலைக்குப் போனாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன்: நேற்று மிஞ்சிய வெடிமருந்து எங்கே? பதில் சட்டென்று வருவது அபூர்வம்.

மருந்து ஏன் மிஞ்சுகிறது? சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வரும். இல்லையென்றால் இரண்டு பேர் பாதியில் வீட்டுக்குப் போயிருப்பார்கள். கலந்தது தட்டிலேயே நிற்கும். காசு போட்டு வாங்கிய அலுமினியப் பவுடராயிற்றே, கொட்ட மனசு வராது. மூடி வைத்துவிட்டு, மறுநாள் புது மருந்தோடு சேர்த்துவிடுவார்கள்.

ஆனால் மறுநாள் அது அதே மருந்து இல்லை. அலுமினியத் துகளின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டு; அதுதான் துகளுக்குக் காப்பு. ஈரக்காற்று பட்டால் அலுமினியமும் மருந்தில் கலந்திருக்கும் வெடியுப்பு போன்ற நைட்ரேட்டுகளும் மெல்ல வினைபுரிந்து அம்மோனியா உண்டாகலாம். அது காரம், காப்புப் படலத்தை அரித்துவிடும். வினை இன்னும் வேகமெடுக்கும், சூடு ஏறும். குவித்து மூடிய மருந்தில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. இதைத் தடுக்கப் போரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. அதை நம்பி ஐப்பசி மழையில் ஓர் இரவு மருந்தை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை. ஞாயிறு விடுமுறை முடிந்து அறையைத் திறந்த ஓர் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "சார், உள்ளே மூத்திர நாத்தம் மாதிரி அடிக்குது" என்றார். அந்த வாடைதான் அம்மோனியா. எல்லாரையும் தூரமாக அனுப்பினோம். தட்டை யாரும் தொடவில்லை. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெயர் எழுதாத டப்பாவில் வரும் மிச்ச மருந்து இன்னும் மோசம். குளோரேட் என்ற உப்போடு கந்தகம் சேர்ந்த கலவை லேசான உராய்வுக்கே பற்றிக்கொள்ளும். இந்தியாவில் அந்தச் சேர்க்கைக்கு 1992 முதல் தடை இருக்கிறது. வெள்ளைத் தூளைப் பார்த்து எது குளோரேட், எது நைட்ரேட் என்று கண்ணால் சொல்ல முடியாது. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிக் கலக்காதீர்கள்.

அன்றைக்குத் தேவையானதை மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். மீறி மிஞ்சினால் அன்றே போர்மேன் முன்னால், அதற்கென ஒதுக்கிய இடத்தில், சிறுசிறு அளவாக அழிக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீர் தெளித்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கொஞ்ச ஈரம்தான் வினையையே தொடங்கி வைக்கும்.

அந்த அக்காவை அன்று சக தொழிலாளர்களே கடிந்துகொண்டார்கள். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்கள், அவர்களுக்கு அரை நாள் போயிற்று. முதலாளியிடம் பேசி, அந்த அரை நாளுக்கும் எல்லாருக்கும் கூலி வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அந்த ஆலையில் வாடை வந்தால் சொல்லத் தயங்குவதில்லை.